மழை இரவுகளும் மாஊன் கற்பிக்கும் பாடமும்





ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் உழவர்கள் வானத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். மானாவாரி நிலம் மிகுந்த நம் பகுதியில் மக்காச்சோளமும் பருத்தியும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே வளர்கின்றன. அதே வானத்தை அச்சத்தோடு பார்ப்போரும் நம்மிடையே உள்ளனர். ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்போர், ஆட்டுக்கிடை போட ஊர்ஊராய்ச் செல்லும் கீதாரிகள், கரும்பு வெட்டக் குடும்பத்தோடு வந்து வயலோரம் தங்கியிருப்போர், பேருந்து நிலையத்துக் கடைத்திண்ணையில் உறங்கும் முதியோர் ஆகியோர் அவர்கள். குளிர்காலப் புகலிடம் என்றால் பனி பொழியும் நாடுகளே நம் நினைவுக்கு வரும். நம் ஊரின் குளிர் மழையோடு வருகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நனைந்த தரையில் படுத்து, மார்கழி வாடையையும் அதே ஈரத்தோடு கடப்பதே இங்குள்ள ஏழையின் குளிர்காலம்.

மழை எவ்வளவு கொடிதாகக்கூடும் என்பதற்கு நம் மண்ணே சாட்சி. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று, அரியலூருக்கு அருகில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்ததால் தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எங்கள் பகுதியின் முதியவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

அதிகாரத்தில் இருப்பவர் பொறுப்பேற்பது பற்றி நம் வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பசித்த பிள்ளைகளை உறங்கவைக்க வெறும் பானையை அடுப்பிலேற்றியிருந்த தாயைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்றார்கள். உதவிக்கு வந்த பணியாளரிடம், மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா என்னும் கருத்துப்படக் கேட்டார்கள். இதை நாம் மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் அந்த மூட்டையை எடுக்க அன்று ஒரு கிடங்கு இருந்தது, அதில் மாவும் நெய்யும் முன்பே சேர்க்கப்பட்டிருந்தன என்பதை நாம் எடுத்துச் சொல்வதில்லை. இக்கட்டுரை அந்தக் கிடங்கைப் பற்றியது.

முதல் சில மணி நேரம் யாருடைய பொறுப்பு?

2009-10 குளிர்காலத்தில் தில்லியில் இரவுக் காப்பகம் ஒன்று இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் தலையிட்டது. வீடற்றோருக்கான காப்பகங்கள் குறித்து நாடு முழுவதும் பேசப்பட்டது. பின்னர் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டம், ஒரு லட்சம் நகர்ப்புற மக்களுக்கு 100 பேர் தங்கக்கூடிய நிலையான காப்பகம் என்னும் அளவை வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பெரம்பலூர் நகராட்சியும் அரியலூர் நகராட்சியும் ஒரு லட்சத்தை எட்டாத சிறு நகரங்கள். அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நகர்ப்புறத் திட்டம் பொருந்தவே பொருந்தாது.

பெருமழை பெய்தால் வருவாய்த் துறையினர் பள்ளிக்கூடங்களையும் சமுதாயக் கூடங்களையும் நிவாரண முகாம்களாகத் திறக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசலாகாது. எனினும் முகாம் திறப்பதற்குச் செய்தி போய்ச் சேர வேண்டும், சாவி வர வேண்டும், அரிசி வர வேண்டும். இடையில் சில மணி நேரம் கழிகிறது. நள்ளிரவில் நனைந்த குழந்தைக்கு அந்தச் சில மணி நேரமே முழு ஆபத்து. அந்த நேரத்தில் அருகில் இருப்பவர் அண்டைவீட்டார் மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. வெள்ள நிவாரணம் பெரும்பாலும் குடும்ப அட்டையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பிழைப்புக்காக வேற்று மாவட்டத்திலிருந்து வந்து கூடாரத்தில் வாழ்பவரின் அட்டை அவருடைய சொந்த ஊரில் இருக்கிறது. நனைந்தது இங்கே, பெயர் இருப்பதோ அங்கே. எந்தப் பட்டியலிலும் இல்லாத இத்தகைய வழிப்போக்கரை அல்குர்ஆன் மறக்கவில்லை. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குறிப்பிடும் வசனத்தில் (9:60) வழிப்போக்கரும் ஒரு வகையினராக இடம்பெற்றிருக்கிறார்.

மாஊன் என்னும் சிறு பொருள்

நாம் தொழுகையில் அடிக்கடி ஓதும் சிறு அத்தியாயங்களுள் ஒன்று 107-ஆவது அத்தியாயம், அல்மாஊன். அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் மார்க்கத்தைப் பொய்ப்பிப்பவன் என்று அது தொடங்குகிறது. தொழுகையில் கவனமற்றவர்களையும், பிறர் பார்க்கத் தொழுபவர்களையும் எச்சரிக்கிறது. இறுதியில், மாஊனைக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டித்து முடிகிறது. மாஊன் என்பது என்ன? ஜகாத் என்று பொருள் கொண்டோரும் உண்டு. மக்கள் தம்முள் இரவல் வாங்கிக்கொள்ளும் பானை, வாளி, கோடரி போன்ற அன்றாடப் புழங்குபொருள்களே மாஊன் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) உள்ளிட்ட நபித்தோழர்கள் விளக்கியதாகத் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன.

இந்த விளக்கத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நம் பள்ளிவாசல்களின் சாமான் அறைகள் கண்முன் வருகின்றன. ஏறத்தாழ ஒவ்வொரு பள்ளியிலும் நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சாக்கள் இருக்கின்றன. பெரிய அடுப்பு, நீண்ட துடுப்பு, நூற்றுக்கணக்கில் குவளைகள், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, ஜெனரேட்டர், ஒலிபெருக்கி எல்லாம் இருக்கின்றன. ரமளானில் முப்பது நாள் அவை உழைக்கின்றன. மீதிப் பதினொரு மாதம் பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒரு சிற்றூரில் முந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கும் வசதியும் பழக்கமும் கொண்ட இடம் திருமண மண்டபத்தை விட்டால் பள்ளிவாசல்தான். மண்டபத்துக்கு வாடகை உண்டு, பள்ளிவாசலுக்கு இல்லை.

அதேபோல் நம் பெண்கள் காத்துவரும் பிடியரிசி வழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். எங்கள் மஹல்லாவில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டுவைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. மாதம் ஒருமுறை மதரஸாப் பிள்ளைகள் சாக்குப் பையோடு வீடு வீடாகச் சென்று வாங்கி வருவார்கள். பொன்னியும் ரேஷன் அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிடும். வசதியுள்ள வீட்டு அரிசி எது, கூலிக்காரர் வீட்டு அரிசி எது என்று பிரித்தறிய முடியாது.

இதைக் காணும்போது அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ள நபிமொழி நினைவுக்கு வருகிறது. அஷ்அரீ குலத்தாருக்குப் போர்க்களத்தில் உணவு குறைந்தாலும், மதீனாவில் குடும்பத்தாரின் உணவு சுருங்கினாலும், ஒவ்வொருவரும் தம்மிடமுள்ளதைக் கொண்டுவந்து ஒரே துணியில் சேர்ப்பார்கள். பிறகு ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள், தாம் அவர்களைச் சேர்ந்தவர் என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்னும் நிலையே அந்தத் துணியில் இல்லை. தம் பங்கைப் போடாதவர் எவருமில்லை, பங்கு பெறாதவரும் இல்லை.

2021-இன் ஒரு கார்த்திகை இரவு

2021-ஆம் ஆண்டு பருவமழை தமிழகத்தில் மிகக் கடுமையாகப் பெய்தது நினைவிருக்கும். அந்த நவம்பரில் ஒரு நாள், இஷா தொழுகை முடிந்து பள்ளியைப் பூட்டும் நேரத்தில், கரும்பு வெட்டும் ஆட்களின் மேஸ்திரி டார்ச் விளக்கோடு வாசலில் வந்து நின்றார். ஓடையோரம் கரும்புச் சோகையாலும் தார்ப்பாயாலும் அமைத்திருந்த குடில்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. 11 குடும்பங்கள். கைக்குழந்தைகளையும் சேர்த்து 40 பேருக்கு மேல். "அசரத்து, பெருசுங்க நாங்க மழையில நின்னுக்குவோம். பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் மட்டும் ராத்திரிக்கு எங்கயாச்சும் ஒதுங்க விடுங்க" என்றார்.

முத்தவல்லி அவர்கள் உடனே மதரஸாவின் இரண்டு வகுப்பறைகளையும் திறக்கச் சொன்னார்கள். ஒலிபெருக்கியில் மூன்றே வாக்கியம் அறிவிக்கப்பட்டது. கால்மணி நேரத்தில் போர்வைகளும் பழைய புடவைகளும் உலர்ந்த கைலிகளும் வந்து சேர்ந்தன. ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரியவர் யாரும் சொல்லாமலே சாமான் அறையைத் திறந்து தேக்சாவைக் கழுவத் தொடங்கிவிட்டார். பிடியரிசிச் சாக்கு இருந்தது. குருணையும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இருந்தன. இறைச்சி சேர்க்க வேண்டாம், வருபவர்களில் யாருக்கு எது ஆகாதோ தெரியாது என்று அவரே முடிவு செய்தார். இரவு பத்தரை மணிக்கு முதல் குவளைக் கஞ்சி ஒரு குழந்தையின் கைக்குப் போனது.

அந்த இரவில் எவரும் வீரச்செயல் புரிந்துவிடவில்லை. தேக்சா எங்கே இருக்கிறது, எத்தனை படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், யார் வீட்டில் விறகு உலர்ந்திருக்கும் என்பதெல்லாம் பல ரமளான்களில் பழகிப் பழகிக் கைக்கு வந்தவை. பழக்கம் இருந்ததால் பதற்றம் இல்லை. பழக்கமில்லாத ஊரில் இதே நல்ல மனம் படைத்தவர்கள் இதே இரவில், என்ன செய்வது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே விடியும்வரை நின்றிருப்பார்கள்.

மறுநாள் காலை நடந்ததையும் சொல்ல வேண்டும். நம் பெண்கள் சமைக்க வந்தபோது, வந்திருந்த பெண்களில் மூத்தவர், "பாயம்மா, அடுப்ப எங்ககிட்ட விடுங்க. உக்காந்து தின்னு எங்களுக்குப் பழக்கமில்ல" என்றார். அன்று முதல் மூன்று நாள் சமையல் அவர்களுடையதாகவும், அரிசியும் விறகும் நம்முடையதாகவும் இருந்தன. ஆண்கள் ஒழுகிக்கொண்டிருந்த மதரஸாக் கொட்டகைக்குச் சோகை வேய்ந்து தந்தார்கள். கூலி பேசப்படவில்லை. அவர்கள் போட்ட பங்கு அது. அஷ்அரீகளின் துணி நம் கண்முன்னே விரிந்ததை அன்று கண்டோம்.

பள்ளிவாசலில் பிறரைத் தங்கவைக்கலாமா?

மதரஸாவின் இரண்டு அறைகள் 40 பேருக்குப் போதவில்லை. ஆண்களைப் பள்ளியின் வெளிப்பள்ளியில் படுக்கவைக்கலாம் என்று சிலர் சொன்னபோது, மூத்தவர் ஒருவர் தயங்கினார். தூய்மை என்னாவது, பீடி குடிப்பார்களே, நாளை யாராவது ஏதாவது சொன்னால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ணிவிடாதீர்கள். பள்ளியின் கண்ணியத்தைப் பற்றிய கவலை அது. மேலும், ஊர்வலப் பாதை தொடர்பான வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, அதே 2021-இல் தீர்ப்பு வந்த மாவட்டம் நம்முடையது. இரு தரப்பிலும் மனங்கள் புண்பட்டிருந்த காலத்தில் பெரியவர்கள் எச்சரிக்கையாக இருந்தது இயல்பே.

ஆகவே மார்க்கம் என்ன கூறுகிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டியிருந்தது.

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் வீடற்ற தோழர்கள் வாழ்ந்தார்கள். அவர்களையே திண்ணைத் தோழர்கள் என்கிறோம். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தாயிஃபிலிருந்து வந்த ஸகீஃப் குலத் தூதுக்குழுவினர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துத் தங்கவைத்தார்கள். நஜ்ரான் கிறிஸ்தவர்களைப் பள்ளியிலேயே வரவேற்றார்கள். விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் ஒருவருக்குப் பள்ளியினுள்ளே சிறு குடில் இருந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் உள்ளது. பிற சமயத்தார் பள்ளிவாசலுக்குள் வருவதை ஹனஃபீ மத்ஹப் அனுமதிக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், மக்காவின் ஹரமைத் தவிர்த்த பள்ளிகளில், முஸ்லிம்களின் அனுமதியோடு வரலாம்.

பெண்களைப் பொறுத்தவரை, மாதவிலக்குக் காலத்தில் பள்ளியினுள் தங்குவது பற்றிய சட்டமும், அவர்களுடைய தனிமையும் சேர்ந்து ஒரே விடையைத் தருகின்றன. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மதரஸாவோ ஒரு வீட்டின் தனிப்பகுதியோ ஒதுக்க வேண்டும். அருகில் வெளிச்சமுள்ள கழிப்பறை இருக்க வேண்டும். அன்றிரவு நாங்கள் அப்படியே செய்தோம். ஆண்கள் வெளிப்பள்ளியில் உறங்கினார்கள். ஃபஜ்ரு பாங்குக்கு முன்பே அவர்களே எழுந்து, பாய்களைச் சுருட்டி வைத்து, இடத்தைப் பெருக்கியிருந்தார்கள்.

தயங்கிய அந்தப் பெரியவர் தம் கருத்தை இன்றும் முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பிடியரிசி தீர்ந்தபோது முதல் மூட்டை அரிசி அவர் வீட்டிலிருந்தே வந்தது.

மற்ற ஊர்களில் கண்டவை

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்துவிடப்பட்டன. தண்ணீர் வடிந்தபின் முஸ்லிம் இளைஞர்கள் சேறு படிந்த கோயில்களையும் துப்புரவு செய்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் டெல்டாவைச் சூறையாடியபோது மின்சாரமும் சாலையும் இல்லாத பல கிராமங்களில், மக்கள் வீட்டிலிருந்த அரிசியையும் பருப்பையும் ஓரிடத்தில் கொண்டுவந்து கூட்டாகச் சமைத்து உண்டார்கள். அவர்கள் அஷ்அரீகளின் ஹதீஸைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் செய்தது அதுவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், முஸ்லிம்கள் மிகுந்து வாழும் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் நாள்கணக்கில் தங்கவைக்கப்பட்டன. அதே வேளையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு அருகிலுள்ள புதுக்குடி மக்கள் தம் வீடுகளிலிருந்த பொருள்களைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுத்தார்கள். தம் வீடும் வயலும் வெள்ளத்தில் இருக்கும்போதே அவர்கள் அதைச் செய்தார்கள். தமக்கே தேவையிருந்தும் பிறரை முற்படுத்திய அன்ஸாரிகளைப் பற்றிய வசனத்தை (59:9) ஓதும்போது புதுக்குடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் அண்டை மாவட்டமான கடலூரில், வடலூரில், வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தோருக்குச் சோறிடுகிறது. கொள்கையில் நாம் வேறுபடுகிறோம். ஆனால் அடுப்பு எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்னும் பாடத்தை யாரிடமிருந்தும் கற்கலாம்.

எங்கள் மஹல்லா எழுதிவைத்தவை

அந்த மூன்று இரவுகளுக்குப் பின் ஜமாஅத் கூட்டத்தில் பேசிச் சில முறைகளை எழுதிவைத்தோம். மற்ற ஊர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறோம்.

ஒன்று, ஐப்பசி முதல் வாரத்தில் சாமான் அறையைத் திறந்து தேக்சா, அடுப்பு, எரிவாயு உருளை, ஜெனரேட்டர் ஆகியவற்றைச் சரிபார்ப்பது. சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் எப்போதும் ஊரில் இருக்க வேண்டும்.

இரண்டு, பிடியரிசியில் ஒரு பகுதியை மழைக்காலத்துக்கென்று நிறுத்திவைப்பது. தை பிறந்ததும் மீதியை மதரஸாவுக்கோ ஏழை வீடுகளுக்கோ கொடுத்துவிடுவது.

மூன்று, கணக்கு. ஜகாத் நிதி அதற்குரிய வகையினரான முஸ்லிம்களுக்கே செலவிடப்பட வேண்டும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. ஸதகா எவருக்கும் கொடுக்கலாம். எனவே பைத்துல்மாலில் மழைக்காலச் செலவுக்கென்று ஸதகாக் கணக்கு ஒன்று தனியே வைக்கப்பட்டது. இதைப் பிரித்து வைத்தாலே கூட்டங்களில் எழும் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

நான்கு, யார் வந்தாலும் உண்ணத்தக்க சைவ உணவே சமைப்பது. குழந்தைகளுக்குப் பால், முதியோருக்குச் சுடுநீர்.

ஐந்து, வந்தவர்களின் தலைவரோடு அமர்ந்து வேலைகளைப் பகிர்ந்துகொள்வது. அவர்கள் செய்ய விரும்புவதைத் தடுக்காமல் இருப்பது.

ஆறு, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே தகவல் சொல்வது. நாம் அரசுக்கு மாற்று அல்லர். முகாம் திறக்கும்வரை காக்கும் அண்டைவீட்டார்.

ஏழாவதுதான் நெடுநேரம் பேசப்பட்டது. படம் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று இளைஞர்கள் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் நனைந்த புடவையோடு கஞ்சிக் குவளையை ஏந்தி நிற்கும் பெண்ணின் முகம் அவர் சொந்த ஊர்வரை போய்ச் சேரும். தங்கியிருப்போருக்கு மார்க்கப் புத்தகங்கள் கொடுக்கலாமே என்றும் ஒரு தம்பி கேட்டார். அவர்களாகக் கேட்டால் மறுக்க வேண்டாம், ஆனால் கஞ்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. ஏழைக்கும் அநாதைக்கும் கைதிக்கும் உணவளித்து, உங்களிடம் பிரதிபலனையோ நன்றியையோ நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்னும் மனநிலையோடு இருப்பவர்களையே அல்லாஹ் புகழ்கிறான் (76:8-9). கைதி என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். அவ்வசனம் இறங்கிய காலத்தில் கைதி பெரும்பாலும் எதிரணியைச் சேர்ந்தவர் அல்லவா?

இன்னும் தீராத கேள்வி

இவற்றையெல்லாம் எழுதிவைத்தபின்பும் ஒரு கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. பைத்துல்மாலில் இருப்பதே குறைவு, நம் மஹல்லாவிலேயே விதவைகளும் கடனாளிகளும் இருக்கிறார்கள், வெளியாருக்கு எதற்கு என்பதே அது. நெருங்கியவருக்கு முதல் உரிமை என்பது மார்க்கம் சொல்வதே. அதை மறுக்க முடியாது. ஆனால் நெருக்கம் என்பது உறவால் மட்டும் வருவதன்று, இடத்தாலும் வருவது. ஆடு அறுத்த வீட்டில் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் முதலில் விசாரித்தது, நம் யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்பதைத்தான். ஓடையோரக் குடிலுக்கும் நம் மதரஸாவுக்கும் இடையே நடந்தால் பத்து நிமிடம். மழை இரவில் அவர்களுக்கு நம்மைவிட நெருங்கியவர் யார்?

குறைவாக இருக்கிறது என்பதற்கும் நபி (ஸல்) அவர்களிடம் விடை இருக்கிறது. குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அண்டைவீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். அபூதர் (ரலி) அவர்கள் செல்வந்தர் அல்லர். தண்ணீர் கூட்டிய குழம்பு ருசி குறைந்ததாக இருக்கலாம். ஆனால் நம் நோன்புக் கஞ்சியே அப்படிப் பிறந்ததுதானே! சிறிது அரிசியும் நிறையத் தண்ணீரும் சேர்ந்து, ஒரு தெருவே அமர்ந்து குடிக்கும் உணவாகிறது.

ஆகவே சகோதரர்களே, இந்த வாரம் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் பள்ளியின் சாமான் அறையைத் திறந்து பாருங்கள். தேக்சாவில் ஓட்டை விழுந்திருந்தால் ஈயம் பூசுபவரிடமோ பாத்திரக்காரரிடமோ கொடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் ஊரைச் சுற்றித் தார்ப்பாயின் கீழ் வாழ்வோர் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை சைக்கிளில் சுற்றி வாருங்கள். அவர்களில் ஒருவரிடமாவது, தண்ணீர் ஏறினால் இந்தக் கதவைத் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சகோதரிகளே, பிடியரிசிப் பானை உங்கள் அடுக்களையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் மீண்டும் அதை அடுப்பருகே வையுங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து வளரட்டும்.

யா அல்லாஹ், எங்கள் மழையைப் பயன்தரும் மழையாக ஆக்குவாயாக. கூரையின்றி நனைவோருக்கு எங்கள் கதவுகளையும், கதவைத் திறக்க எங்கள் உள்ளங்களையும் திறப்பாயாக. மாஊனை மறுப்போரின் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதிருப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.